இறக்கத்தில் வலிக்கும் உள்பாதம்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் பாதத்தில் எங்கே வலித்தாலும் "குதிகால் வலி" என்று சொல்லித்தான் மருந்துக்கடையில் மாத்திரை கேட்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகும் வலி குதிகாலுக்கு வெகு முன்னால் இருக்கிறது. பாதத்தின் உள்பக்க விளிம்பில், பெருவிரலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், ஒரு விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வரும் வலி இது. ஏறும்போது பெரிதாகத் தெரியாது, இறங்கும்போது குத்தும், இரவில் படுத்தபின் எரியும். இப்படி மூன்றும் சேர்ந்திருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

முதலில் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு விரற்கடை தூரத்தில் வேறொரு தசைநாண் வந்து சேர்கிறது, அதற்கான வைத்தியம் கொஞ்சம் வேறு. திண்ணையிலோ படியிலோ உட்கார்ந்து, வலிக்கும் காலை நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி மேலே இழுத்து லேசாக உள்பக்கம் திருப்புங்கள். கணுக்காலின் முன்புறம் ஒரு தடித்த நாண் புடைத்து எழும். அதன்மேல் விரலை வைத்து அப்படியே கீழே, உள்பக்கமாக வழுக்கிக்கொண்டு போங்கள். பாதத்தின் உள்விளிம்பில், பெருவிரல் எலும்பின் அடிப்பகுதிக்கு வந்ததும் அது எலும்பில் கரைந்துவிடும். கரையும் அந்த இடத்தில் அழுத்தினால் "ஆமாம், இதேதான்" என்று தோன்றினால், அது முன் கணைக்கால் தசையின் நாண். டிபியாலிஸ் ஆன்டீரியர் என்று மருத்துவர் எழுதுவது இதைத்தான். அது வந்து பிடிக்கும் இடம், பெருவிரல் எலும்பின் அடியும் அதற்குப் பின்னாலுள்ள ஆப்பெலும்பும்.

அங்கிருந்து இன்னும் பின்னால், உள்கணுக்கால் முட்டிக்குக் கீழே சற்று முன்னால், ஒரு எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். அது படகெலும்பு. வலி அங்கே இருந்தால், கணுக்காலுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வரும் பின் கணைக்கால் தசையின் நாண்தான் பிரச்சினை. சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்த இடத்தில் பிறவியிலேயே ஒரு சின்னக் கூடுதல் எலும்பு இருக்கும். பெரும்பாலோருக்கு அது ஆயுள் முழுக்கத் தெரியாமலே போய்விடும். ஓட்டப்பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கும் பள்ளிப்பிள்ளை படகெலும்பு முண்டைக் காட்டி வலிக்கிறது என்றால் இந்த எலும்பை நினைக்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி முன் கணைக்கால் நாணைப் பற்றியது. மலைச்சரிவு அதிகம் பதம் பார்ப்பது அதைத்தான்.

நாண் எலும்பில் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், நாணுக்கும் எலும்புக்கும் இடையே தட்டையான சிறு நீர்ப்பை ஒன்று உண்டு. பர்சா என்பது அதுதான். தலைச்சுமைக்கும் மண்டைக்கும் நடுவே சும்மாடு செய்யும் வேலையை அது செய்கிறது. நாண் எலும்பின்மேல் அழுந்தி உரசும்போது நடுவிலிருந்து வாங்கிக்கொள்ளும். நாளெல்லாம் ஓயாமல் அழுத்தம் விழுந்தால் பையின் உட்சவ்வு தடித்து, நீர் கோத்து, பையே வலிக்கத் தொடங்கும். கூடவே நாணின் இழைகளும் நைந்து தடிக்கும். பை மட்டும் தனியாகக் கெடுவது அபூர்வம். அதனால் பையில் ஊசி போட்டுவிட்டு நாணை மறந்துவிட்டால் வலி திரும்ப வரத்தான் செய்யும்.

சரிவு இதில் என்ன செய்கிறது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். வலிக்கு வழியும் அதில்தான் இருக்கிறது.

முன் கணைக்கால் தசையின் வேலை பாதத்தைத் தூக்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். தூக்குவதைவிடக் கடினமான வேலை அதற்கு உண்டு: குதிகால் தரையைத் தொட்டதும் முன்பாதம் "பட்" என்று விழாமல் மெதுவாக இறக்கிவைப்பது. சமதரையில் இறக்கவேண்டிய தூரம் குறைவு. இறக்கத்தில் தரை முன்னால் சரிந்து போவதால் பாதம் இன்னும் அதிக தூரம் இறங்க வேண்டும். தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். நீளும்போது இழுக்கும் இழுப்புதான் நாணுக்குக் கடுமையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்குகிறவருக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம் ஒரே நடையில் கிடைக்கிறது. ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்கு ரோப்வேயில் இறங்கியது. தேயிலைப் பெட்டிக்கு முட்டி இல்லை, நாண் இல்லை. கால்நடையாக இறங்கியவர்களின் ஒவ்வொரு அடியையும் இந்த நாண்தான் தாங்கியது. இன்று வனத்துறை அனுமதியோடு மலையேற வரும் சென்னை, மதுரை இளைஞர்கள் ஏறுவதற்குத்தான் பயிற்சி எடுக்கிறார்கள். இறங்குவதற்கும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, குறுக்குச் சரிவு. ஏலத்தோட்டத்தில் ஒருவர் நேர்மேலாக ஏறிக்கொண்டோ நேர்கீழாக இறங்கிக்கொண்டோ இருப்பதில்லை; சரிவுக்குக் குறுக்கே செடி செடியாக நகர்கிறார். அப்படி நிற்கும்போது மேட்டுப்பக்கம் இருக்கும் காலின் உள்விளிம்பு பள்ளத்தை நோக்கிச் சாயும், உள்வளைவு தட்டையாகும், உள்பக்க நாண்கள் இரண்டும் இழுபடும். பள்ளத்துப்பக்கக் கால் எதிர்த்திசையில் சாயும், அதன் வெளிப்பக்கம்தான் பாடுபடும். எனவே ஒரு காலில் மட்டும் வலி என்றால், வேலை செய்யும்போது எந்தக் கால் மேட்டுப்பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பலருக்கும் பழக்கத்தால் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் நகர்வு அமைந்திருக்கும். வரிசை முடிந்ததும் சுற்றி வந்து அதே பக்கத்திலிருந்து தொடங்காமல், திரும்பி எதிர்ப்பக்கமாக நகர்ந்தால் பாரம் இரண்டு காலுக்கும் பங்காகும். காசு செலவில்லாத வைத்தியம் இது. எல்லா மருந்துக்கும் முன்னால் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன்.

மூன்றாவது, குந்தியிருப்பது. ஏலச்செடியில் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில் காய்க்கிறது. அதனால் காய் எடுப்பு என்றாலே குனிவதும் குந்துவதும்தான். குதிகாலை ஊன்றிக் குந்தும்போது பின்னால் விழாமல் நம்மைப் பிடித்து நிறுத்துவது இதே முன் கணைக்கால் தசை. மேட்டைப் பார்த்துக் குந்தினால் அது இரட்டிப்பாக உழைக்கும். பள்ளத்தைப் பார்த்துக் குந்தினால் குதிகால் உயர்ந்து நின்று வேலை குறையும். ஆனால் ஈரச்சரிவில் பள்ளத்தைப் பார்த்துக் குந்துவது வழுக்கும் அபாயம் உள்ளது. ஆகவே மண் காய்ந்து, பிடிமானம் இருக்கும் இடத்தில் மட்டும் அதைச் செய்யலாம். மற்ற இடங்களில் ஒரு முட்டியை மண்ணில் ஊன்றி உட்கார்வதே நல்லது. முட்டிக்கடியில் மடித்த சாக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு அதிகம் வருகிறது? நடுவயது தாண்டிய பெண்களுக்கு. அதிலும் உடம்பு கொஞ்சம் கனத்தவர்களுக்கு, கெண்டைச் சதை இறுகியவர்களுக்கு. பின்னால் கெண்டை இறுகியிருந்தால் முன்னால் பாதத்தைத் தூக்கும் தசை அதை எதிர்த்து இழுத்தாக வேண்டும். சர்க்கரை நோய் நாணைப் பலவீனப்படுத்தும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வயிற்றுப்போக்குக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை மாத்திரைகள் நாண்களைப் பாதிக்கக் கூடியவை. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவற்றின் மருந்துக் குறிப்பில் அந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிட வைத்தது. நாண்வலி உள்ளவர், மருத்துவர் கேட்காவிட்டாலும் தாமாக இதைச் சொல்லிவிட வேண்டும்.

இரவு எரிச்சல்தான் பலரையும் குழப்புகிறது. தோட்டத்துக்குப் போகும் ஓர் அம்மாவுக்கும் இளம் பிசியோதெரபிஸ்டுக்கும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"பகல்ல வேலை ஓடிருது தாயி. ராத்திரி படுத்தாத்தான் மொளகா அரைச்சுப் பூசுன மாதிரி எரியுது. நரம்பு செத்துப்போச்சோ?"

"மரத்துப்போகுதா அம்மா? செருப்புப் போட்டது தெரியாம நழுவுதா?"

"அதெல்லாம் இல்ல. இந்த ஒரு இடம்தான்."

"அப்ப ரெண்டு பாதமும் முழுசா எரியற சர்க்கரை நரம்பு வலி மாதிரி தெரியல. கம்பளி போத்திப் படுப்பீங்களா?"

"மலையில கம்பளி இல்லாம எப்பிடி?"

கம்பளியைக் கேட்டது காரணத்தோடுதான். மல்லாந்து படுக்கும்போது கனத்த கம்பளி பாதத்தின் நுனியைக் கீழே அமுக்குகிறது; நாண் நீண்டு எலும்பின்மேல் அழுந்துகிறது. மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் எரியும். கால்மாட்டில் கம்பளியைத் தளர்த்தி விடுங்கள், அல்லது ஒருக்களித்து முட்டிகளை மடக்கிப் படுங்கள். குப்புறப் படுப்பவர் பாதங்களைப் பாயின் விளிம்புக்கு வெளியே தொங்கவிடலாம். இதே காரணத்தால் வஜ்ராசனம் போல் பாதத்தை மடக்கி அதன்மேல் உட்காருவதையும் வலி தீரும்வரை விட்டுவிட வேண்டும்.

இனி காலில் போடுவது. மழைக்காலத்தில் அட்டைக்கும் சேற்றுக்கும் பயந்து போடும் கம்பூட் கணுக்காலின் முன்புறம் மடிந்து மடிந்து ஒரு வரி விழுந்திருக்கும். பூட்டைக் கழற்றி உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அந்த மடிப்பு உள்பக்கம் ஒரு ரப்பர் முண்டாக நிற்கும். அது நேராக நாணின்மேல் விழுகிறதென்றால் வலிக்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. அளவு பெரிய பூட்டில்தான் மடிப்பு ஆழமாக விழும். சரியான அளவு வாங்கி, முழங்காலுக்குக் கீழ்வரை தடித்த காலுறை போடுங்கள். செருப்பானால் குறுக்குவார் வலிக்கும் எலும்பின்மேல் ஓடக்கூடாது. ஷூவானால் அந்த இடத்துக்கு நேரே உள்ள ஓட்டைகளில் கயிற்றைக் கோக்காமல் தாண்டி மேலே கோத்துக் கட்டுங்கள்.

வலிக்கும் இடத்தைச் சுற்றி ஒரு திண்டும் வைக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கான எம்.சி.ஆர். செருப்பு தைக்கும் கடையில் மெல்லிய ரப்பர்த் துண்டு கிடைக்கும். அதைக் குதிரை லாட வடிவில், நடுவில் ஒரு ரூபாய் நாணயம் புகும் அளவு இடைவெளி விட்டு வெட்டுங்கள். வலிக்கும் முண்டு அந்த இடைவெளிக்குள் விழும்படி வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டுங்கள். பூட்டின் அழுத்தம் திண்டின்மேல் விழும், வலியின்மேல் விழாது. முண்டின் மேலேயே பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டுவது எதிர்மாறான வேலை. அழுத்தம் கூடத்தான் செய்யும். பாதம் தட்டையானவர்கள் உள்வளைவைத் தாங்கும் உள்ளங்கால் அட்டை ஒன்றும் போட்டால் இரண்டு நாண்களுக்குமே நல்லது.

முதல் இரண்டு வாரம் முழு ஓய்வு எடுக்கச் சொல்லி எழுதுவது சுலபம். தினக்கூலிக்குப் போகிறவரிடம் அதைச் சொல்ல முடியாது, சொல்லத் தேவையும் இல்லை. நாணுக்கு வேண்டியது பாரக் குறைப்பு. கட்டிலோடு கிடந்தால் அது மேலும் தளரும். கங்காணியிடம் கேட்டுச் சில நாள் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை வாங்க முடிந்தால் வாங்குங்கள். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்குகளில் உட்கார்ந்து செய்யும் வேலை உண்டு. அங்கே தெரிந்தவர் இருந்தால் இந்த இரண்டு வாரத்துக்கு அது போதும். தோட்டத்துக்கே போயாக வேண்டுமானால் இறக்கத்தைக் குறையுங்கள்: நேராகச் சறுக்கி இறங்காமல் வளைந்து வளைந்து, குட்டை அடியாக, கையில் கம்பூன்றி இறங்குங்கள். கம்பை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் சுமையைக் குறைப்பது ஏற்றத்தில் குறைப்பதைவிட அதிகம் உதவும்.

மாலையில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போடலாம். டைக்ளோஃபினாக் களிம்பு தோலில் புண் இல்லாவிட்டால் தடவலாம். மாத்திரையென்றால் பாரசிட்டமால் போதும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலை இறங்குவதை மாத்திரம் செய்யாதீர்கள். நாண் நைவதை அறிவிக்கும் ஒரே குரலை அடக்கிவிட்டு அதே பாரத்தை மறுபடி ஏற்றுகிறீர்கள். சிறுநீரகக் கோளாறு, குடற்புண், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கடையில் கொடுக்கும் கலவை வலி மாத்திரைகள் தனி ஆபத்து.

பயிற்சியை வலி சற்று அடங்கிய நாளிலிருந்தே தொடங்கலாம். முதலாவது அசைவில்லாதது. உட்கார்ந்து, வலிக்கும் பாதத்தைத் தரையில் ஊன்றி, அதன் முன்பகுதியின்மேல் மற்றக் காலின் குதிகாலை வைத்து அமுக்குங்கள். கீழ்ப்பாதம் மேலே எழ முயல வேண்டும், மேல்கால் விடக்கூடாது. அப்படியே 30 விநாடி. ஒரு நிமிடம் விட்டு மறுபடி. ஐந்து முறை. பத்துக்கு மூன்று அளவு வலி வந்தால் பரவாயில்லை, அதற்குமேல் வந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள்.

ஒரு வாரம் கழித்துப் பழைய சைக்கிள் டியூப். டியூப்பைக் கட்டில் காலில் கட்டி, அதற்கு எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மறுமுனை வளையத்தை முன்பாதத்தில் மாட்டுங்கள். பாதத்தை உங்களை நோக்கி இழுத்து, பின் நான்கு எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவதுதான் இங்கே முக்கியம். மலை இறங்கும்போது தசை செய்வது அதே வேலையைத்தான். 12 முறை, மூன்று தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். டியூப் சுலபமாகத் தோன்றினால் கட்டிலிலிருந்து சற்றுத் தள்ளி உட்காருங்கள்.

கெண்டைக்கு: சுவரில் கையூன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முட்டி மடங்காமல், குதிகால் எழாமல் முன்னால் சாய்ந்து 30 விநாடி, மூன்று முறை. இதைத் தினமும் செய்யலாம். படகெலும்பில் வலி உள்ளவர்கள் டியூப்புக்குப் பதிலாகச் சுவரைப் பிடித்து நின்று, இரண்டு குதிகால்களுக்கு நடுவே சுருட்டிய துண்டை இறுக்கிக்கொண்டு குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்க வேண்டும்.

நாண் மெதுவாகத்தான் தேறும். ஆறு வாரத்தில் தெரியும் முன்னேற்றம், மூன்று மாதத்தில் நல்ல பலன் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரத்திலேயே "ஒன்றும் குறையவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அதற்குப்பின் அவர்கள் தேடிப்போவது எண்ணெய் போட்டு முண்டை அழுத்தித் தேய்ப்பவரையும், "ஒரே ஊசி" போடுபவரையும். வீங்கிய பையை அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். ஸ்டீராய்டு ஊசிக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை: மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் பை வீங்கியிருந்தால், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே பைக்குள் மட்டும் ஊசியைச் செலுத்த எலும்பு மருத்துவர் முடிவு செய்யலாம். கண்ணால் குறிபார்த்து நாணுக்குள் போட்டால் நாண் அறுந்துபோகும் வாய்ப்பு உண்டு.

அறுந்ததை அடையாளம் காண்பது எப்படி? வலி திடீரென்று குறைந்துவிடும். அதனால்தான் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் நடக்கும்போது முன்பாதம் "டப் டப்" என்று தரையில் அடிக்கும், வாசல்படியில் விரல் தட்டும், கணுக்காலின் முன்னால் புதிதாக ஒரு சதைக்கட்டி தெரியும், நாண் புடைத்து நிற்காது. இதைக் கண்டால் அன்றோ மறுநாளோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாள் கடந்தால் தைப்பது கடினம்.

உள்பாதத்தில் வரும் எல்லாமே நாண் வலி ஆகிவிடாது. பெருவிரல் மூட்டு சிவந்து தொடமுடியாமல் வலித்தால் கவுட் இருக்கலாம். சறுக்கி விழுந்தபின் உள்ளங்காலில் இரத்தம் கட்டி நீலமானால் நடுப்பாத மூட்டு விலகியிருக்கலாம். ஊன்றாமல் எக்ஸ்ரேக்குப் போங்கள். சர்க்கரை நோயாளியின் பாதம் சூடாக, சிவந்து வீங்கி, வலி மட்டும் குறைவாக இருந்தால் எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அந்தப் பாதத்தை ஓர் அடியும் ஊன்றக்கூடாது. முள் குத்திய இடத்தைச் சுற்றிச் சிவப்பும் காய்ச்சலும் வந்தால் பையில் சீழ் பிடித்திருக்கும் சாத்தியம் உண்டு.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒன்றையும் மறக்கக் கூடாது. 1842இல் ஜான் கில் என்ற மருத்துவர் மதுரையில் பார்த்து எழுதிய பாதநோய்க்கு உலகமே பிற்பாடு மதுராப் பாதம் என்று பெயர் வைத்தது. மண்ணிலிருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ முள் குத்திய வழியாக உள்ளே போய் மாதக்கணக்கில் வளர்கிறது. வலியே இல்லாத கெட்டியான வீக்கம், அதில் சிறு கண்கள், அவற்றிலிருந்து கடுகுபோல் மணிகள் கலந்து வடியும் நீர் ஆகியவை அதன் அடையாளம். வெறுங்காலோடு வேலை செய்கிறவரின் பாதத்தில் வலியில்லாத கட்டி என்றால் "வலிக்கவில்லையே" என்று விடக்கூடாது. தொடக்கத்தில் மருந்துக்குக் கட்டுப்படும்; எலும்புக்குப் போய்விட்டால் கஷ்டம்.

காட்டவேண்டிய இடங்கள் தொலைவில் இல்லை. போடி அரசு மருத்துவமனையில் தொடங்கலாம்; எலும்பு மருத்துவரும் ஸ்கேனும் வேண்டுமென்றால் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நாண் வலிக்காகப் பாத எக்ஸ்ரே எடுக்கும்போது நின்றபடி, எடையை ஊன்றி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்த நிலையில் எடுத்த படத்தில் வளைவு தட்டையாவது தெரியாது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் சேர்ந்தது. நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

மலைக்குத் திரும்பும் கணக்கு இது. சமதரையில் அரைமணி நேரம் வலியில்லாமல் நடக்க முடிந்த பிறகு ஏற்றத்தைத் தொடங்குங்கள். இறக்கத்தைக் கடைசியாக வையுங்கள். முதல் வாரம் ஏறும்போது நடந்து, இறங்கும்போது ஜீப்பிலேயே வந்துவிடுங்கள். அடுத்த வாரம் பாதி இறக்கம் நடக்கலாம், சுமை இல்லாமல், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொரு நடைக்கும் அடுத்த நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் பத்து அடி வைத்துப் பாருங்கள். முந்தைய நாளைவிட வலி கூடியிருந்தால் அந்த வாரம் முழுவதும் அதே தூரத்தில் நில்லுங்கள். கூடவில்லையென்றால் மறுவாரம் முழு இறக்கம். சைக்கிள் டியூப்பை மட்டும் தை மாதம் காய் எடுப்பு ஓயும்வரை கட்டில் காலிலிருந்து அவிழ்க்க வேண்டாம்.